தராசில் ஏறிய சிசா

கிட்ட வாங்க கண்ணுகளா, மழை விடும் வரைக்கும் ஒன்று சொல்கிறேன்.

பஸ்தாசாக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. புல்தரையில் வந்து இறங்கும் சின்ன விமானம்தான். ஏறுகிற எவரையும் மூட்டைத் தராசில் நிறுத்தித்தான் ஏற்றுவார்கள். பன்னிரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்த மகள் சிசாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தெலிசியா தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தாள்.

தராசு நானூற்றுப் பன்னிரண்டு கிலோ காட்டியது.

“என்னக்கா, உம் பொண்ணு படகை முழுங்கிட்டாளா?” என்று சிரித்தார் விமானி வில்மர்.

“தராசு கெட்டுப்போச்சு கேப்டன். நீங்க ஏறிப் பாருங்க.”

அவர் ஏறினார். எழுபத்தொன்று, சரியாகவே இருந்தது. சிசாவின் போர்வையை எடுத்தார்கள், பாசிமணியைக் கழற்றினார்கள். அதே நானூற்றுப் பன்னிரண்டு.

வில்மர் அவளை ஒரே கையால் தூக்கிப் பின்இருக்கையில் வைத்தார். விமானத்தின் வால் மெல்லத் தரையில் உட்கார்ந்தது, முன்சக்கரம் மேலே எழும்பியது. பிள்ளையை இறக்கியதும் நேரானது.

“இப்படிக் கிளம்புனா மரத்துல போய் மோதிருவோம்க்கா. என்னால முடியாது.”

“என் கைக்குக் கனக்கலையே கேப்டன்! என் மடியிலயாவது வச்சுக்கிறேனே!”

மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. அவர் தனியாகக் கிளம்பிப் போனார். சத்தம் அடங்கும்வரை நின்ற தெலிசியா, பிள்ளையைப் புல்லில் கிடத்தினாள்.

ஒரு புல்கூட மடியவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து வைத்தியத்துக்குக் கிளம்பும் பிள்ளைகள் எல்லாம் போய்ச் சேர்ந்து, சுகமாகத் திரும்பி வரட்டும்.