கோடு பொய் சொல்லாது

நேசம்மாவின் முன்னால் கட்டம் போட்ட தாளொன்றை விரித்தார் அவள் புருசன், கணக்கு வாத்தியார் டானியல்.

“இரண்டு வருசமாய் நீ சந்தையாலை வந்து சொன்ன காய்ஞ்ச செத்தல் மிளகாய் விலையெல்லாம் இதிலை கீறியிருக்கிறன். மாதம் தவறாமல் முதற் கிழமை விலை ஏறுது, பிறகு இறங்குது!”

“கோப்பாய்ப் பக்கம் போய்ப் பாருங்கோவன். தோட்டமெல்லாம் மிளகாய் பழுத்துக் கொட்டுது. விலை எங்கை ஏறப்போகுது?”

“கோடு பொய் சொல்லாதடி! பெட்டிக்குள்ளை கிடந்த உன்ரை காப்பை வித்துப் பத்து மூட்டை வாங்கிப்போட்டன். வாற கிழமை பாரன்!”

நேசம்மா குனிந்து கோட்டைப் பார்த்தாள். மாதத்தின் அந்த முதல் வாரத்தில்தான் அவள் அவருக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டுவாள். அப்போது மட்டும் செத்தல் விலையைக் கூட்டிச் சொல்லி அவள் ஒதுக்கிய சதக் காசுகள்தாம் அந்தத் தாளில் மலைமலையாய் ஏறி நின்றன.