வரப்பில் வெறுங்கால்

காலை வெயிலில் மரக்காணம் உப்பளம் கண்ணைக் கூசவைக்கிறது. பாலைவனம் எப்படி இருக்கும் என்று ஜுலைகா நச்சரித்ததால், துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் கணவன் ஷர்புதீன் அவளைக் கோட்டக்குப்பத்திலிருந்து பைக்கில், இதே மாதிரி வெட்டவெளிதான் என்று காட்ட, இங்கே கூட்டி வந்திருக்கிறான். இருவரும் வரப்பில் ஏறியதும், உப்பு வாரிக்கொண்டிருக்கும் அருக்காணி நிமிர்கிறாள். "ஏம்பா, துன்ற பொருளு. ஷூ, செருப்பெல்லாம் கழட்டிட்டு வாங்க." அவன் அசடு வழியக் கழற்றுகிறான். வெளுத்த பாதங்கள் உப்புப் பரல் கலந்த ஈர மண்ணில் பட்டதும் கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொள்கிறான். கடற்காற்று ஜுலைகாவின் முக்காட்டை இழுக்கிறது. "ஏங்க, அங்க மணலும் இப்பிடித்தான் காலுல குத்துமா?" அவன் யோசிக்கிறான். "தெரியலியே. இத்தன வருசமும் சேஃப்டி ஷூவோடதான நின்னேன்." சிரித்தபடி, தன் செருப்போடு அவன் ஷூக்களையும் அவள் வாங்கிக்கொள்கிறாள். "இன்னும் கொஞ்ச தூரம் போவலாம்" என்று அவன் முன்னால் நடக்கிறான். ஈர வரப்பில் பதிந்துபோகும் அவன் தடங்களில் ஐந்து விரலும் விரிந்திருக்கின்றன.