கிணற்றுக் காட்சி

கோமதியின் அக்கா வடிவு கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அப்போது பக்கத்தில் யாருமே இல்லையாம். கோமதி அதை நம்பவில்லை. முதலில் கவிதையாக எழுதினாள். கிணற்றை வெறும் இருட்டு என்று எழுதியதால் யாருக்கும் புரியவில்லை. பிறகு கதையாக எழுதினாள். ஊர்ப்பெயரை மாற்றி, கிணற்றை ஆறாக்கினாள். அண்ணன் சங்கரபாண்டி படித்துவிட்டு, "நல்லாத்தான் கத கட்டுத" என்று சிரித்தான். பதினோரு வருடம் கழித்து, நண்பர்களின் கேமராவில் படமாக எடுத்தபோதுதான் கிணற்றைக் கிணறாகவே காட்டினாள்.

திரையிடலுக்கு முந்தின நாள் காலை, அந்தச் சின்ன அரங்கில் அவள் தனியாகப் படத்தை ஓடவிட்டு ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அவனை அழைக்கவில்லை. திரையில் அக்காவாக நடித்த பெண் அலறிக்கொண்டே விழுந்தாள். கோமதி அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் மூச்சு மட்டும் காதருகே கேட்டுக்கொண்டிருந்தது.

படம் முடிந்தது.

"எல்லாஞ் சரியாத்தான் எடுத்திருக்க," என்றான். "ஆனா அவ கத்தல. ஒன் பேர மட்டும் ஒருதடவ சொன்னா."

கோமதி வாசலைப் பார்த்தாள். வாசலுக்குப் போக அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"எப்படிண்ணே சொன்னா?" என்று கேட்டாள்.

சங்கரபாண்டி எழுந்துபோய், கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, மறுபடியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.