தொஃபஜ்ஜலின் தளைக்கயிறு

சொந்த ஊர் பாரிசாலில் பாக்குமரத்திலிருந்து விழுந்த தொஃபஜ்ஜல் பாய்க்கு நாலு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. படுக்கைப்புண் வருகிறதா என்று தினமும் காலையில் அவர் பாதங்களைப் பார்ப்பது வார்டு நர்ஸான என் வேலை. அன்று இரண்டு பாதங்களிலும், மரமேறுகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும் தளைக்கயிறு அழுத்திய சிவப்புத் தடம்.

“புண்ணு வந்தா உசுருக்கே ஆபத்து! யாரு கட்டினது?” என்று கத்தினேன்.

“உணர்ச்சியே இல்லாதவன்கிட்ட கேக்குறீங்களே, நர்ஸ் ஆபா!” என்றார்.

வார்டே சிரித்தது. அவருடைய சக்கர நாற்காலியில் பச்சைப் பாக்குக்குலை ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி முற்றத்துப் பாக்குமரத்தில் ஒரு குலை குறைந்திருந்தது.

சாயங்காலம் அவர் பெட்டியிலிருந்த பழைய தளைக்கயிற்றை எடுத்துப் பஞ்சு வைத்துத் துணி சுற்றினேன். கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பாதத்தில் ஒரு தடமும் இல்லை. நாற்காலியில் இரண்டு குலை.