ஒத்தைக் கை வளையல்

"வலது கைக்கு மட்டும் போடுங்க. இடது கைக்கு வேண்டாம்."

ராசாத்தி இப்படிச் சொன்னதும் வளைகாப்புக்கு வந்த சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஏழு மாத வயிறு. தலையில் பொட்டு முடி இல்லை. தலையை மறைக்க ஒரு துணிகூடக் கட்டாமல் மணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் வள்ளியாத்தாள் கண்ணாடி வளையலோடு எதிரே நின்றாள்.

"ஏம்புள்ள, ஒத்தக் கைக்கு வளையல் போட்டு எங்கியாச்சும் கண்டிருக்கறயா? பொறக்கற சாமிக்கு ஆகுமா?"

"மார்ல புத்துநோய்க்கு ஆபரேசன் பண்ணுனப்ப இந்தப் பக்கம் அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்திருக்காங்க நங்கையா. இந்தக் கையில இறுக்கமா எதும் போடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கறாங்க."

"பெரிய டாக்டரம்மா. புள்ளைய வயித்துல வெச்சுக்கிட்டு அந்த மருந்தை ஏத்திக்கறவளை ஜேடர்பாளையத்துலயே உன்னையத்தான் பாக்கறேன். பெத்து எறக்கிட்டு அப்பறம் பாத்துக்கிட்டா என்ன?"

"அதுக்குள்ள நான் போயிட்டா, பொறந்ததுக்கு அம்மான்னு யாரைக் காட்டுவீங்க? மூணு மாசம் தாண்டுனதுக்கு அப்பறந்தான் மருந்தே ஆரம்பிச்சாங்க. ஸ்கேன்ல பாத்தா உள்ள நல்லா எட்டி ஒதைக்குது, உங்க தம்பி மாதிரியே. நாளைக்கும் சேலம் போறேன். மருந்து ஏத்திக்குவேன்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். வள்ளியாத்தாளுக்கு முகம் சுண்டிப்போனது. வலது கையில் வளையலை வெடுக்வெடுக்கென்று மாட்டிவிட்டு நகர்ந்தாள்.

எல்லோரும் கட்டுச்சோறு சாப்பிட உட்கார்ந்ததும் ராசாத்தி கொஞ்சம் படுக்கலாம் என்று உள்ளறைக்குப் போனாள். பின்னாலேயே வந்த வள்ளியாத்தாள் கதவைச் சாத்தினாள்.

"இன்னும் வையறதுக்கு பாக்கி இருக்குதுங்களா?"

"வையாம கொஞ்சுவாங்களா? வலியே இல்லாத கட்டி. நெல்லிக்காயாட்ட ஒரு ஓரமா அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது. அதுக்குப் போயி அறுத்து, மொட்டையாகி, ஊரே வேடிக்கை பாக்கற மாதிரி..."

ராசாத்தி அவளையே பார்த்தாள்.

"என்னுது வலிச்சுதுங்க. வலி பொறுக்காமத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன்."

வள்ளியாத்தாள் முந்தானையை மார்மேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

ராசாத்தி வளையல் குலுங்க அவள் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு எங்கூடவே வாங்க. உங்களுக்கு எந்தப் பக்கம் நங்கையா?"