மேசைக்குள் இருந்த சிலிண்டர்

தீ எரிந்தது. புகை இல்லை.

அதற்காகத்தான் அவன் இத்தனை நாள் உயிரைக் கொடுத்திருந்தான்.

கருங்கல் மேசை. நடுவில் வட்டமாக ஒரு குழி. குழிக்குள் பர்னர், அதை மூடி எரிமலைக் கற்கள். இடுக்குகளிலிருந்து சுடர்கள் நெளிந்து எழுந்தன. மேசை விளிம்பில் கை வைத்தால் இதமான சூடு. கல்லுக்கு அடியில் செப்புத் தகடு பதித்தது அவன் யோசனை.

கோத்தகிரிக் குளிரில், அவனுடைய விடுதிக்கு வந்த முதல் குடும்பம் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"யாருங்க டிசைன்?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"நானேதான்."

குரல் கொஞ்சம் தூக்கலாகத்தான் வந்தது.

அவர் மனைவி மூச்சை ஆழ இழுத்தாள். "விறகு எரியற வாசனைகூட வருதுங்க. எவ்வளவு நல்லா இருக்கு."

அவன் சிரித்துவைத்தான்.

எரிவது கேஸ். அதில் விறகு வாசனை வர வழியே இல்லை. எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும்.

விடுதிக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. விடுதியைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் தெய்வானையும், பிரசவத்துக்கு வந்த அவள் மகளும் அங்கே இருந்தார்கள். விடுதியில் சமையல் கிடையாது. சாப்பாடு ஊருக்குள்ளிருந்து வரும். ஆக, அந்த வளாகத்தில் இருந்ததே ஒரு சிலிண்டர்தான். தெய்வானையுடையது.

முதலில் அளவுக்குத்தான் கேட்டான். மேசையின் வயிற்றுக்குள் சிலிண்டர் மறைவாக நிற்க வேண்டும், எவ்வளவு இடம் விடுவது என்று பார்க்க. அவள் கழற்றிக் கொடுத்ததோடு, டேப்பின் மறு நுனியையும் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, எரிகிறதா என்று பார்க்க.

பிறகு, விடுதிக்கு விண்ணப்பித்த இணைப்பு வந்து சேரும்வரை.

"ரெண்டு நாள்தானேக்கா" என்றான்.

"எடுத்துக்கங்க சார்" என்றாள்.

இணைப்பு இழுத்துக்கொண்டே போனது. அவள் திருப்பிக் கேட்கவில்லை. அவனும் அதை வசதியாக மறந்துபோனான். நடுவில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்தான். கொடுத்த சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டான். குழந்தை யார் ஜாடை என்றுகூடச் சொன்னான்.

அடுப்புப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"போர்வை எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்து பின்பக்கம் போனான்.

அந்த வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளிருந்து புகை திரண்டு திரண்டு வந்தது. ஈர விறகு.

வாசல் படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். மடியில் துணிப் பொதியாகக் குழந்தை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

பச்சை உடம்புக்காரியை இந்த நேரத்தில் வாசலில் உட்கார எந்தத் தாயும் விடமாட்டாள்.

"உள்ள ஒரே புகை சார்" என்றாள் மகள். "பிள்ளைக்குத் தண்ணி சுட்டதும் போயிருவோம்."

அவன் பார்த்துவிட்டானே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அவளுக்கு.

அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குழந்தையின் குல்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போர்வை எடுக்காமலே திரும்பினான்.

"கேஸ் தீர்ந்துடுச்சு" என்றான் வந்தவர்களிடம். அப்போதும் உண்மை வரவில்லை.

குமிழைத் திருகினான். சுடர்கள் படுத்துக்கொண்டன. மேசையின் பக்கக் கதவைத் திறந்து சிலிண்டரை வெளியே இழுத்தான். சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு போனான். அது போட்ட சத்தம் மலை முழுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது.

தெய்வானை புகைக்குள்ளிருந்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. சிலிண்டரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான்.

"நானே மாட்டித் தர்றேன்க்கா" என்று வந்தது.

அவளுடைய ரெகுலேட்டர் ஆணியில் தொங்கியது. தூசி படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தாள். நாளைக்கே வேண்டியிருக்கும் என்று வைத்ததுபோல.

கேஸ் அடுப்பு பற்றியது. அவள் தண்ணீர்ப் பாத்திரத்தை அதில் மாற்றி வைத்தாள். விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். மிஞ்சிய கங்குகளை இரண்டாகப் பிரித்தாள். கொஞ்சத்தைச் சாம்பிராணிக் கரண்டியில் எடுத்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் இரும்புச் சட்டியில் அள்ளி, அதன் காதுகளில் துணி சுற்றி நீட்டினாள்.

"பிள்ளைக்குச் சாம்பிராணி போட இவ்வளவு போதும். வந்தவங்க குளிருல இருப்பாங்களே. கொண்டு போங்க சார்."

வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லக்கூட அவனுக்கு முகம் இல்லை.

மேசைக் குழிக்குள் வைக்கப் பார்த்தான். சட்டி இறங்கவில்லை. குழியை அவன் பர்னருக்கு அளந்து வெட்டியிருந்தான்.

தரையில் வைத்தான்.

அவர்கள் நாற்காலிகளை விட்டுவிட்டு வந்து சட்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் உள்ளங்கைகளைக் காட்டிக் குளிர்காய்ந்தார்.

"இது ஒண்ணே போதுமுங்க" என்றார். "வாங்க, நீங்களும் உட்காருங்க."

அவனுக்கும் குளிர்ந்தது.

பின்பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, சாம்பிராணி வாசம் லேசாக வந்தது.

அவன் மேசையோரமாகவே நின்றான். கருங்கல்லில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது.

கையை எடுத்துக்கொண்டான்.