நாலு மடங்கு

"பன்னிரண்டு, பதினொண்ணு, பன்னிரண்டு... இப்போ நாற்பத்தெட்டு! நாலு மடங்கும்மா! இதைப் பார்த்துட்டு எப்படி நீங்க சும்மா உட்கார்ந்திருக்கீங்க?"

கணவர் கட்டம் போட்ட தாளை டாக்டரின் மேஜையில் விரித்தார். மூன்று வருட ரத்தப் பரிசோதனைகள் சிவப்பு மையில் கோடாக ஓடின. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்த கோடு, கடைசியில் மட்டும் ஏணி வைத்து ஏறியிருந்தது.

மனைவிக்கு, உடம்பு தன் ரத்தக்குழாய்களையே தாக்கும் நோய். போன தடவை சிறுநீரகத்தில் கைவைத்து, ஒரு மாதம் டயாலிசிஸில் போட்டுவிட்டது. அந்தத் தாக்குதலை நடத்தும் ஆன்டிபாடி ரத்தத்தில் எவ்வளவு என்பதுதான் அந்தக் கோடு.

"மூக்குல ரத்தம் இல்ல. மூச்சு வாங்கல. சிறுநீர் சுத்தமா இருக்கு. நம்பர் மட்டும்தான் சார் ஏறியிருக்கு" என்றாள் டாக்டர், மூன்றாவது முறையாக. "நம்பருக்கு நான் எப்படி மருந்து கொடுக்கிறது?"

"வீடு பத்திக்கிட்ட பிறகு கிணறு வெட்டலாம்கிறீங்க!"

"டாக்டர், என்னைக் கொஞ்சம் காப்பாத்துங்க" என்றாள் மனைவி. "நோய்கிட்டேயிருந்து இல்ல, இவர்கிட்டேயிருந்து. தும்மினா கைக்குட்டையைப் பிடுங்கிப் பார்க்கிறார். நான் பாத்ரூம்ல இருக்கேன், வெளியே நின்னு 'என்ன நிறம்?'னு கத்தறார். வாசல்ல தபால்காரர் நிக்கிறார்!"

"நிறம் முக்கியம்டீ!"

"அந்த ஸ்டீராய்டு மாத்திரையை மறுபடி முழுங்க மாட்டேன். போன தடவை மூஞ்சி வீங்கி, எங்க அக்காவே 'யாருங்க வேணும்?'னு கேட்டா."

டாக்டர் பொறுமையை இழுத்துப் பிடித்தாள். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சிறுநீரைப் பார்ப்போம். சின்ன அறிகுறி தெரிஞ்சாலும் அன்னிக்கே மருந்து. சார், அந்தப் பெரிய ஆராய்ச்சியில என்ன இருக்கு? நூத்தி இருபது பேரை அஞ்சு வருஷம் பார்த்தாங்க. நம்பர் ஏறினவங்கள்ல பாதிப் பேருக்கு நோய் திரும்பவே இல்ல."

"மீதிப் பாதி?" கணவர் முன்னால் சாய்ந்தார். "இவ எந்தப் பாதின்னு அதுல எழுதியிருக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"அதை எழுதின மடையன் பெண்டாட்டிக்கு இந்த நோய் வந்திருக்கணும்! அப்போ பாதி, முக்கால்னு கணக்குப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பானா?"

டாக்டர் பேனாவைத் தேடும் சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்திருக்குங்க" என்றாள். "நீங்க அந்தக் கட்டுரையை எழுதி முடிச்ச மறுவருஷமே."